எம்-சாட்: 20 கேள்வி எல்லோர் கையிலும், மீதிப் பாதி யார் கையில்?

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சந்தேகம் வந்ததும் பெற்றோர் கைக்கு முதலில் வந்து சேரும் தாள், பெரும்பாலும், எம்-சாட்-ஆர்/எஃப் என்ற முதற்கட்டச் சோதனைத் தாள். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. சில நிமிடத்தில் முடிந்துவிடும். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘எஃப்’ பின்தொடர் நேர்காணலைக் குறிக்கிறது. தாளைப் பெற்றோர் நிரப்பிய பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டிய இரண்டாவது சுற்று அது. கைமாறிக் கைமாறி வரும் நகல்களில் முதலில் காணாமல் போவதும் அதுதான். அந்த எஃப் இல்லாமல் இந்தக் கருவியை மதிப்பிடுவது, பாதிப் படம் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவதைப் போல.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதன் வரலாற்றிலேயே இருக்கிறது. 1992-இல் பிரிட்டனில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 18 மாதக் குழந்தைகளுக்காக ‘சாட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். அதில் பெற்றோருக்கு 9 கேள்வி இருந்தது. மருத்துவரோ வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரோ குழந்தையைத் தன் கண்ணால் பார்த்துக் குறிக்க இன்னொரு 5 இருந்தது. அமெரிக்காவில் அப்படி வீடு தேடி வரும் பணியாளர் ஏற்பாடு கிடையாது. எனவே டயானா ராபின்ஸ், டெபோரா ஃபைன், மரியான் பார்ட்டன் முதலியோர் பார்த்துக் குறிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, பெற்றோர் கேள்விகளை 23 ஆக்கி, 2001-இல் எம்-சாட்டை வெளியிட்டார்கள். பின்னால் சரிவர வேலை செய்யாத 3 கேள்விகளைக் கழித்து 20 ஆக்கினார்கள். அந்தத் திருத்தப் பதிப்பின் (அதுதான் எம்-சாட்-ஆர்) சோதனை முடிவு 2014-இல் வந்தது. ஆக, ஒரு மனிதக் கண் இருந்த இடத்தைக் காலி செய்துதான் இந்தத் தாள் பிறந்தது. அந்தக் காலியிடத்துக்குத்தான் நேர்காணல்.

விலை கிடையாது. சிகிச்சை, ஆராய்ச்சி, கல்வி ஆகியவற்றுக்கு இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் இலவசம் என்பதற்காக வெட்டி ஒட்ட அனுமதியில்லை. கேள்விகளை மாற்றக் கூடாது, 20-இல் பிடித்ததை மட்டும் பொறுக்கவும் கூடாது. ‘முக்கியமான 6 கேள்வி’ என்று எங்காவது சுருக்கப் பட்டியல் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள், அது எம்-சாட்-ஆர் இல்லை. மென்பொருளிலோ செயலியிலோ சேர்ப்பதானால் உரிமையாளர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

நிரப்புவதில் வரும் கோளாறு

தாளின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. குழந்தை வழக்கமாக எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள், ஒரு சில தடவை செய்து பார்த்திருந்தாலும் வழக்கமாகச் செய்யாவிட்டால் ‘இல்லை’ என்று குறியுங்கள் என்பதே அது. பெற்றோர் மனசு நேர் எதிராக ஓடும். “அன்னைக்கு ஒருநாள் பாட்டியைப் பார்த்துக் கை காட்டினானே” என்று ஒரு நினைவு வந்துவிட்டால் பேனா தானாக ‘ஆம்’ பக்கம் போய்விடும். அந்த ஒருநாள் எவ்வளவு நன்றாக நினைவில் இருக்கிறது என்பதே அது அடிக்கடி நடப்பதில்லை என்பதற்கு அடையாளம்.

அடுத்த சறுக்கல் 6, 7, 9 ஆகிய மூன்று கேள்விகளில். மேலோட்டமாகப் படித்தால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். 6-வது, வேண்டியதைக் கேட்க ஒரு விரலால் சுட்டுவது: எட்டாத உயரத்தில் இருக்கும் பிஸ்கட்டைக் காட்டி “எடுத்துக் கொடு” என்பது போல. 7-வது, எதுவும் வேண்டாமல் காட்டுவதற்காகவே சுட்டுவது: வானத்தில் விமானம், தெருவில் பெரிய லாரி. 9-வது, ஒரு பொருளைக் கொண்டுவந்து முன்னால் நீட்டி, உதவி எதுவும் கேட்காமல், “பாரேன்” என்று காட்டுவது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குக் கேட்பது வந்துவிடும். பகிர்ந்துகொள்வதற்காகக் காட்டுவதுதான் தங்கிப்போகும். எனவே 6-க்கு ‘ஆம்’, 7-க்கும் 9-க்கும் ‘இல்லை’ என்று ஒரு தாள் வந்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. மதிப்பிடுபவர்கள் உற்றுப் பார்க்கும் இடமே அதுதான். மூன்றுக்கும் சேர்த்து “காட்டுவான் காட்டுவான்” என்று ஒரே வேகத்தில் ‘ஆம்’ போட்டால் தாளின் மிகக் கூர்மையான பகுதி மழுங்கிவிடும்.

10-வது கேள்வி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பது. இதைச் சோதிக்கிறேன் என்று பெயரோடு சேர்த்துக் கைதட்டுவதும், தின்பண்டத்தின் பெயரைச் சொல்வதும், கைபேசியில் பாட்டு போடுவதும் வழக்கம். பெயர் மட்டும் போதும். குழந்தை சுவாரசியமான வேறெதிலும் மூழ்கியிருக்காதபோது, தொடாமல், முகத்துக்கு நேரே போய் நிற்காமல் கூப்பிட வேண்டும். 3-வது கேள்வியான பாவனை விளையாட்டிலும் இதே குழப்பம்தான். பொம்மைத் தொலைபேசியின் பொத்தானை அழுத்திச் சத்தம் கேட்பது பாவனை ஆகாது. காலிக் கோப்பையில் ‘குடிப்பது’, பொம்மைக்கு ஊட்டுவது, கையில் கிடைத்ததைக் காதில் வைத்து ‘ஹலோ’ சொல்வது எல்லாம் பாவனை.

கூட்டலில் வரும் கோளாறு

புள்ளி ஏற ஏற ஆட்டிச அபாயமும் ஏறும். 17 கேள்விகளில் ‘இல்லை’ என்பதற்கு ஒரு புள்ளி. மீதி மூன்றில், அதாவது 2, 5, 12-இல், ‘ஆம்’ என்பதற்கு ஒரு புள்ளி. 2: காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? 5: கண்ணருகே விரல்களை வழக்கத்துக்கு மாறாக அசைக்கிறதா? 12: அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்கிப்போகிறதா?

இந்தத் தலைகீழ் மூன்றையும் மறந்துவிட்டு எல்லா ‘இல்லை’களையும் எண்ணினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். எந்தக் கவலையும் இல்லாத ஒரு குழந்தையின் தாளில் 17 ‘ஆம்’, 3 ‘இல்லை’ இருக்கும். சரியான மதிப்பெண் 0. தவறாக எண்ணினால் 3. நடுத்தர அபாயம் தொடங்குவதே 3-இல்தான். ஒன்றுமே இல்லாத குழந்தை சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். மறுபக்கம் இன்னும் மோசம். தலைகீழ் மூன்றிலும் புள்ளி விழுந்து, மற்றவற்றில் ஐந்து விழுந்த குழந்தைக்குச் சரியான மதிப்பெண் 8, அது உயர் அபாயம். தவறாக எண்ணுபவர் கையில் அது 5 ஆகிவிடும். நேரே நிபுணரிடம் போக வேண்டிய குழந்தை வரிசையில் பின்னால் தள்ளப்படும். தாளிலேயே அந்த மூன்று எண்களையும் வட்டமிட்டு வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவது நல்லது.

0 முதல் 2 வரை குறைந்த அபாயம். குழந்தைக்கு இன்னும் 24 மாதம் ஆகவில்லை என்றால் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை நிரப்ப வேண்டும். “ஒன்றரை வயதில் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள்” என்று கோப்பை மூடிவிடக் கூடாது. 3 முதல் 7 வரை நடுத்தரம், கட்டாயம் நேர்காணல். 8-உம் அதற்கு மேலும் உயர் அபாயம். இங்கே நேர்காணலைத் தாண்டி நேரடியாக முழு மதிப்பீட்டுக்கும் ஆரம்பநிலைப் பயிற்சிக்கும் அனுப்பிவிடலாம். 2014 சோதனையில் மூன்று பிரிவிலும் விழுந்தவர்கள் முறையே சுமார் 93%, 6%, 1%. அதாவது நேர்காணல் தேவைப்படுவது நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான். ‘நேரமில்லை’ என்ற சாக்கு இந்தக் கணக்கில் நிற்காது.

நேர்காணல் என்ன செய்கிறது

புள்ளி விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ள கிளைப்படத்தைப் பின்பற்றிக் கேட்டுப் போக வேண்டும். 1-வது கேள்வியைப் பாருங்கள்: அறையின் மறுபக்கம் எதையாவது நீங்கள் சுட்டினால் குழந்தை பார்க்கிறதா? ‘இல்லை’ என்று வந்திருந்தால், “சுட்டும்போது வழக்கமாக என்ன செய்வான்?” என்று திறந்த கேள்வியில் தொடங்க வேண்டும். பொருளைப் பார்க்கிறான், தானும் சுட்டுகிறான், “அதோ பார்” என்று சொன்னால் பார்க்கிறான் என்றால் தேர்ச்சிப் பக்கம். கண்டுகொள்வதில்லை, அறையைச் சுற்றிப் பொதுவாகப் பார்க்கிறான், உங்கள் விரலையே பார்க்கிறான் என்றால் மறுபக்கம். விரலைப் பார்ப்பதை ‘பார்க்கிறான்’ என்று எழுதிவிடும் பெற்றோர் உண்டு. ‘ஆம், இல்லை’ தாளில் அது ஒருபோதும் பிடிபடாது.

12-வது இன்னும் சுவையானது. கவலை இல்லாத வீட்டிலும் பலர் ‘ஆம்’ போட்டுவிடக்கூடிய கேள்வி, ஏனென்றால் மிக்சி ஓடினால் அழாத குழந்தை எங்கே இருக்கிறது? நேர்காணலில் துணி துவைக்கும் இயந்திரம், குழந்தை அழும் சத்தம், போக்குவரத்து இரைச்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டம். அங்கே கேட்பது, எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது. அமைதியாகக் காதைப் பொத்திக்கொள்வதும், சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்வதும் ஒரு வகை. வீறிடுவதும் கலங்கிப்போய்க் காதைப் பொத்துவதும் வேறு வகை. இரண்டும் உண்டு என்றால் எது அடிக்கடி நடக்கிறது? இப்படித்தான் ஒரு வெற்று ‘ஆம்’ பிரிந்து அர்த்தம் பெறுகிறது.

2-வது கேள்வியில் புள்ளி விழுந்தால், செவித்திறன் சோதனை நடந்ததா, முடிவு என்ன என்று நேர்காணலிலேயே கேட்டுப் பதிவு செய்யும் இடம் இருக்கிறது. மற்றப் பதில்கள் எப்படி இருந்தாலும் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெயருக்குத் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம்.

நேர்காணலுக்குப் பிறகு 2 அல்லது அதற்கு மேல் தங்கினால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 16,071 குழந்தைகளிடம் நடந்த 2014 சோதனையில், இப்படி இரண்டு சுற்றிலும் தங்கி மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் 47.5% பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. 94.6% பேருக்கு ஏதாவது ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்து “பாதிக்குப் பாதி தப்பு” என்பவர்கள் இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோட்டை விடுவது எங்கே

இதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் விளம்பரமாகிவிடும். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் வலைப்பின்னலில், இதன் முந்தைய பதிப்பை அன்றாட மருத்துவச் சூழலில் பயன்படுத்தி, 25,999 குழந்தைகளின் பதிவுகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வந்தது. பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளில் 38.8% பேரைத்தான் தாள் முன்கூட்டியே பிடித்திருந்தது. தாள் ‘ஆபத்து’ என்று காட்டியவர்களில் ஆட்டிசம் உறுதியானது 14.6%. வெள்ளையரல்லாத குழந்தைகளிடமும் வருமானம் குறைந்த வீடுகளிலும் துல்லியம் இன்னும் குறைந்தது. ஆராய்ச்சிக் குழு கையில் இருக்கும் கருவிக்கும் கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்கில் இருக்கும் கருவிக்கும் இவ்வளவு தூரம்.

எனவே தாள் நன்றாக வந்தது என்பதற்காகப் பெற்றோரின் கவலையை ஓரங்கட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது. மதிப்பெண் 1 வந்தாலும், இருந்த சொற்கள் மறைந்துபோயின என்று அம்மா சொன்னால் அது போதும், அனுப்புங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கிரீனிங், அதாவது இப்படிப்பட்ட முதற்கட்டச் சோதனை, வேண்டும் என்கிறது. அதே நாட்டின் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவோ, யாருக்கும் கவலை எழாத குழந்தைகளுக்கு இது தேவை என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2016-இல் எழுதியது. கவலை எழுந்த குழந்தையைப் பற்றி இந்தச் சண்டை இல்லை என்பதைக் கவனிக்கவும்.

பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 1, 14, 16, 19 ஆகிய கேள்விகள் பொருந்தா, அவை கண்ணை நம்பியவை. நடக்க முடியாத குழந்தை 4-இலும் (ஏறுவது) 13-இலும் (நடப்பது) வேறு காரணத்தால் புள்ளி வாங்கும். 30 மாதம் தாண்டிய குழந்தைக்கு இந்தத் தாளே வேண்டாம்.

அறிவுசார் குறைபாட்டை இது பிரித்துக் காட்டாது. 28 மாதக் குழந்தையின் ஒட்டுமொத்த வளர்ச்சி 12 மாத அளவில் இருந்தால் பாவனை விளையாட்டு வராது, சொன்னதைப் புரிந்து செய்வதும் வராது, 3-உம் 18-உம் தானாக விழும். தாள் ‘ஆபத்து’ என்று சொல்வது சரிதான், எந்த ஆபத்து என்று அதற்குத் தெரியாது, அவ்வளவே. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2020 கணக்கில், ஆட்டிசம் உள்ள 8 வயதுக் குழந்தைகளில் அறிவுத்திறன் விவரம் கிடைத்தவர்களில் 37.9% பேருக்கு அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 70 அல்லது அதற்குக் கீழே. பிரித்தறிய வேறு கருவிகள் வேண்டும்: 42 மாதம் வரை வளர்ச்சியை நேரில் அளக்கும் பெய்லி-4, அன்றாட வாழ்க்கைத் திறனைக் கேட்டறியும் வைன்லேண்ட்-3, ஆட்டிசத்துக்கென ஏடாஸ்-2. 5 வயதுக்கு முன் ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்றுதான் எழுதுவார்கள். அறிவுசார் குறைபாட்டின் தீவிரத்தை, மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 அன்றாடத் திறனை வைத்துத்தான் வகுக்கிறது, அறிவுத்திறன் எண்ணை வைத்து இல்லை. ஒற்றை எண்ணைக் காட்டி முத்திரை குத்துபவரிடம் வைன்லேண்ட் எங்கே என்று கேளுங்கள்.

வேறு மண்ணில் இதே தாள்

‘ஒரு விரலால்’ என்று இரண்டு கேள்விகளில் இருக்கிறது. பனாமாவின் கூனா பூர்வகுடி மக்கள் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் சமூகங்களும் உண்டு. அங்கே 14-வது கேள்வியைப் பெற்றோர் பழக்கவழக்கம் பற்றிய கேள்வியாகப் படித்துவிட வாய்ப்பிருக்கிறது. கேட்பது விளையாடும்போதும் உடை மாற்றும்போதும் கண்ணைப் பார்க்கிறதா என்பதைத்தான். இதைத் திருத்திச் சொல்ல அந்தச் சமூகத்தை அறிந்த ஒருவர் நேர்காணலில் இருக்க வேண்டும். தாள் சொல்லாது.

இந்தப் பாடத்தை முதலிலேயே உள்வாங்கிக்கொண்ட ஒரு கருவி, வேறு வயதுக்காக, கனடாவில் இருக்கிறது. ஒன்டாரியோவின் மானிட்டூலின் தீவில் உள்ள விக்வெம்கூங் சமூகமும் லாரென்ஷியன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பூர்வகுடிச் சிறார் நல்வாழ்வு அளவீடு அது. 8 முதல் 18 வயது வரை, 62 கேள்வி. பதில் சொல்வது பெற்றோர் அல்ல, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு சிறாரே. கேள்விகள் மருத்துவச் சக்கரம் எனும் மரபுக் கோட்பாட்டின்படி ஆன்மா, உணர்வு, உடல், மனம் என்ற நான்கு பாகங்களைச் சுற்றி அமைந்தவை. நோயைத் தேடுவதைவிட அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதைக் கேட்கிறது. பதில்களில் கவலைக்குரியது தென்பட்டால் அந்த ஊர் மனநலப் பணியாளர் உடனே உட்கார்ந்து பேசுகிறார். அதாவது, எம்-சாட்டில் விட்டுப்போகும் அந்த எஃப் இங்கே கருவிக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. குறையும் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 62 கேள்வி பெரிய சுமை. வேறொருவர் நிரப்பினால் பிள்ளையின் சொந்தக் குரல் என்ற அடிப்படையே போய்விடும்.

பணியாளர் பற்றாக்குறை உள்ள இடத்தில் எம்-சாட்டின் நேர்காணலைத் தொலைபேசியிலேயே முடிக்கலாம். 2014 சோதனையிலும் தொலைபேசியில்தான் கேட்டார்கள். நிரப்பிய தாள் கேட்பவரின் முன்னால் இருக்க வேண்டும், புள்ளி விழுந்தவற்றை மட்டும் கேட்க வேண்டும், ‘ஆம், இல்லை’ என்று வந்தால் “போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்று எடுத்துக்காட்டு கேட்டு வாங்க வேண்டும். எடுத்துக்காட்டு சொல்ல முடியாமல் மறுமுனையில் நீளும் மௌனத்தையும் தாள் ஓரத்தில் குறித்துவையுங்கள். அழைப்பு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. இந்த வயதில் மாதத்துக்கு மாதம் குழந்தை மாறும், பழைய தாளுக்குப் புதிய பதில் வாங்கினால் இரண்டும் ஒட்டாது.